முனை முறியாத அரிசி

இப்படி ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் மாமி. அந்த முறத்தை மட்டும் இந்தண்டை தள்ளுங்கோ. அட்சதைக்கு அரிசி பொறுக்க வேண்டும். ஊரிலேயே பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்ததுதான். ரயிலில் யாரோ மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்கள், பாதி நொய்யாகப் போய்விட்டது. முனை முறிந்தது ஒன்றுகூட இருக்கப்படாது என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டுப் போனார். முறிந்தது இந்தப் பக்கம், முழுசு அந்தப் பக்கம். ஐயோ, நீங்கள் எதற்கு. சரி, பொறுக்குங்கோ. நாலு கையாக இருந்தால் சீக்கிரம் ஆகும்.

மடியில் இருக்கிறது என் சின்னவள். பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடுவாள். இவளுக்குப் பசி என்று சொல்லித்தான் கூடத்திலிருந்து நழுவி வந்தேன். பெண்ணைப் பெற்றவள் கல்யாணத்தில் நிற்காமல் சத்திரத்துப் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைக்காதீர்கள். இன்னும் ஊஞ்சலே ஆகவில்லை. மாப்பிள்ளை காசிக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார். மேளம் கேட்கிறதே, அதுதான்.

நீங்கள் இந்தக் காரைக்காலேதானா? கிணற்றுக்கு அடுத்த ஆத்திலேயா? அப்படியானால் எங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் மாயவரத்தில் இப்போதெல்லாம் பெண்ணுக்கு வரன் அமைந்தால் முதலில் பேரளம் ரயில் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கிறார்கள். பேரளத்தில் மாறி ஏறிவிட்டால் காரைக்கால். காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊர். இங்கிலீஷ்காரன் சட்டம் இங்கே செல்லாது.

முதலில் எனக்கு விஷயமே விளங்கவில்லை. பெண்ணுக்குப் பதினாலு வயசு ஆகாமல் கல்யாணம் பண்ணினால் தண்டனை, சாரதா சட்டம் என்று பேர், என்றார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமோ? சாரதா என்று வடக்கே யாரோ ஒரு அம்மா, பெண்ணைச் சின்ன வயசில் கொடுத்துவிட்டு வயிறெரிந்து போய் இதைக் கேட்டிருக்கிறாள், டில்லியில் அவள் பேச்சுக்குக் காது கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்காத்துக்காரரிடம் சொன்னேன். அவர் சிரி சிரி என்று சிரித்தார். "அசடே, அது ஒரு புருஷனோட பேருடி. வடக்கத்தி மனுஷன்" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அந்த அம்மாவை ரொம்ப நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன் மாமி. கூப்பிட்டால் வந்துவிடுவாள் போல இருந்தாள்.

எங்காத்துக்காரர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவதை வைத்து அவரைத் தப்பாக நினைத்துவிடப்படாது. ஒரு நாள் என்னைக் கை ஓங்கினது கிடையாது. பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தார், காங்கிரஸில் சேர்ந்து வேலையை விட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் அவர் பேசுகிறார் என்றால் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவ்வளவு நன்றாகப் பேசுவார்.

பேசுவதற்கு முன்னால் ஆத்தில் என்னிடம்தான் பேசிப் பார்ப்பார். நான் மூணாவது கிளாஸ் படித்திருக்கிறேன். அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அவர் கூடத்தில் நடந்துகொண்டே பேசுவார், நான் தூண் பக்கத்தில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கேயாவது தட்டினால் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் குரலே வராது. "கேக்கலை யோகா, பலமாச் சொல்லு, பலமா!" என்பார். எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து எனக்கே பாடமாகிவிட்டது. இப்போதுகூடச் சொல்வேன். மனுஷராகப் பிறந்த எல்லாருக்கும் பிறக்கும்போதே சில உரிமைகள் உண்டு. அவைகளை எந்த ராஜாவும் கொடுக்கவில்லை, ஆகையால் எந்த ராஜாவும் பிடுங்க முடியாது. ஆளப்படுகிறவன் சம்மதித்தால்தான் அது அரசாங்கம். சம்மதம் இல்லாவிட்டால் அது வெறும் பலாத்காரம். பலாத்காரம் என்கிற இடத்தில் மேஜையைக் குத்த வேண்டும். எங்காத்தில் மேஜை ஏது? அரிசிப் பெட்டியைக் குத்துவார். தூளியில் குழந்தை அலறும்.

எனக்கு அந்த வார்த்தைகள் ரொம்பப் பிடிக்கும். அர்த்தம் முழுக்கத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்கும்போது முதுகு தானாக நிமிரும்.

இந்தக் குருணையைப் பாருங்கோ, முழுசு மாதிரியே இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது.

அபயத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. அபயாம்பாள். எங்கள் ஊர் அம்பாள் பேர். இன்றைக்கு மணையில் உட்காரப் போகிறவள். பத்து வயசு முடியவில்லை. வாய் மட்டும் முப்பது வயசு. அவள் அப்பாவுக்கு அப்படியே வாரிசு. நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பேன், அவள் காகிதம் இல்லாமலேயே கடகடவென்று சொல்லுவாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளையும் மேடையில் ஏற்றினார்.

காவேரிக் கரை மணலில் பெரிய கூட்டம். இவளை மேஜை மேல் தூக்கி நிறுத்தினார். கதர்ப் பாவாடை, ரெட்டைப் பின்னல். பெண்டுகள் நாங்கள் ஒரு வண்டிக்குப் பின்னால் மறைவாக உட்கார்ந்திருந்தோம். இவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் சட்டம் போடலாமா?" என்று கேட்டாள். அத்தனை ஜனமும் "கூடாது!" என்றது. "நாங்கள் என்ன ஆடா மாடா?" "இல்லை!" "சுயராஜ்யத்துக்குச் சம்மதமா?" அப்பப்பா, அந்தச் சத்தம். காவேரியே திரும்பிப் பார்த்திருக்கும். "சம்மதம்!" என்று எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். முந்தானைக்குள்ளேதான் தூக்கினேன், யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ஆத்துக்கு வந்து அவளுக்குச் சுற்றிப் போட்டேன்.

அப்புறம் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். உப்புக் காய்ச்சப் போன கூட்டத்தோடு போனார். தோளில் தடியடி. திருச்சி ஜெயிலில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது தாடியும் எலும்புமாக வந்தார். இடது கையை இன்றைக்கும் காதுக்கு மேல் தூக்க முடியாது. சட்டை போட்டுக்கொள்ள நான்தான் கை கொடுக்க வேண்டும்.

வந்த மறுநாள் சாப்பிட உட்கார்ந்தார். நான் குழம்புச் சாதத்துக்கு நெய் விட்டுக்கொண்டிருந்தேன். "யோகா, நம்ம அபயத்துக்கு வரன் நிச்சயமாயிடுத்து" என்றார். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். ஜெயிலில் அவரோடு ஒரே கொட்டடியில் இருந்தவராம் ஹரிஹரன், கல்லிடைக்குறிச்சி. அவருக்குக் கல்யாணத்துக்கு ஒரு தம்பி, அனந்து. இவருக்கு அபயம். இரண்டு பேரும் கம்பிக்குள்ளே உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். தாம்பூலம் மாற்ற வெற்றிலை கிடைக்கவில்லையாம், ஜெயில் ரொட்டியைப் பிட்டு மாற்றிக்கொண்டார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நெய்க்கிண்ணம் என் கையிலேயே நின்றுவிட்டது. "போறும், போறும், வழியறது பார்" என்றார்.

அதற்கப்புறம் ஹரிஹரன் எங்காத்துக்கு வந்தார். தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அனந்துவுக்குப் பத்தொன்பது வயசு. தங்கமான பிள்ளை. காலேஜை விட்டுவிட்டுக் கள்ளுக்கடை மறியலுக்குப் போகிறவர். இவளைப் பார்க்கவே அவருக்கு வெட்கம், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அபயம் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஹரிஹரன் வேடிக்கைக்காகக் கேட்டார், "என்னடி அபயம், எங்காத்துக்கு வரயா?" என்று. இவள் தம்ளரை வைத்துவிட்டு, மேடையில் நிற்கிற மாதிரியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இதுக்கு என்கிட்ட யாரும் சம்மதமான்னு கேக்கலையே அப்பா?" என்றாள்.

சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு! ஹரிஹரனுக்குப் புரையேறிவிட்டது. எங்காத்துக்காரர் அவளை அப்படியே வாரித் தூக்கினார், ஒற்றைக் கையால். "பார்த்தியா ஹரிஹரா! நம்ம அஸ்திரத்தை நம்ம மேலேயே விடறா! இவள் உங்காத்துக்கு வந்தா உனக்கே ராஜ்யம் இருக்காது, ஜாக்கிரதை!" என்றார். அப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனார். கடைத்தெருவில் சொன்னார், காங்கிரஸ் ஆபீஸில் சொன்னார். அவ்வளவு உசிர் அவருக்குப் பெண் மேல். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எந்த ஆத்தில் பத்து வயசுக் குழந்தை அப்படிக் கேட்கும்?

கேட்டாரா என்கிறீர்களா? என்ன, அவளைச் சம்மதம் கேட்டாரா என்றா? அது அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது மாமி. அதற்குள் பஞ்சாங்கத்தைப் பிரித்துவிட்டார்கள்.

நான் ஒரு தடவை பேசிப் பார்த்தேன். பேசவில்லை என்று சொல்லாதீர்கள். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகம் தெரியாது, அதனால் தைரியம் வந்தது. "ஏன்னா, பதினாலு ஆகட்டுமேன்னு பார்த்தேன். சட்டம்தான் இருக்கே, அதைச் சாக்காச் சொல்லி ஒத்திப் போட்டுடலாமே" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. அடிபட்ட மாதிரி பார்த்தார். "நீ கூடவா யோகா?" என்றார். "அந்தச் சட்டம் நல்லதா கெட்டதான்னு நான் பேசவே இல்லை. நல்லதாவே இருக்கட்டும். அதைப் போட அவன் யாரு? நம்மைக் கேட்டானா? நம்மவன் ஒருத்தன் எழுதிக் கொடுத்தா என்ன, கையெழுத்து யாரோடது? திருடன் ஒருத்தன் ஆத்துக்குள்ளே புகுந்து கூடத்தைப் பெருக்கி மெழுகிட்டு உட்கார்ந்திருந்தா, ஆஹா என்ன சுத்தம்னு விட்டுடுவியா? சுயராஜ்யம் வரட்டும். நம்ம ஜனங்கள் நாமளா கூடி இதே சட்டத்தைப் போடட்டும். முதல் ஆளா நான் கீழ்ப்படியறேன். அதுவரைக்கும் என் பெண்ணுக்கு எப்போ கல்யாணம் பண்ணணும்னு வெள்ளைக்காரன் எனக்குச் சொல்லப்படாது."

சுயராஜ்யம் வருகிறவரைக்கும் இவளை ஆத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று வாய் வரை வந்தது. அவர் பேச்சில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று தோன்றும் மாமி. வாளியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் மட்டும் நிற்காது. நான் மூணாவது கிளாஸ். அவர் எத்தனை புஸ்தகம் படித்தவர். என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று விட்டுவிட்டேன். "வாக்குக் கொடுத்துட்டேன் யோகா. ஜெயில்ல கொடுத்த வாக்கு" என்றார். அந்தத் தோளில் தழும்பு இன்னும் கன்றிப் போயிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டு அதற்கு மேல் என்ன பேசுவது?

எனக்கு என்ன பயம் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் பெற்றவள்தானே. எனக்கு ஒரு அக்கா இருந்தாள், செல்லம் என்று. பதின்மூணு வயசில் பிரசவத்துக்கு வந்தாள். குழந்தையும் தங்கவில்லை, அவளும் தங்கவில்லை. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பாண்டி ஆடினவள். எனக்கு அபயம் பிறந்தபோது பதினாலு. நான் பிழைத்துவிட்டேன். ஏன் அவள் போனாள், ஏன் நான் பிழைத்தேன், யாருக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

பேரளத்தில் ஒன்று நடந்தது. நடந்தது என்ன, நடக்கவில்லை. வண்டி மாற வேண்டி எல்லாரும் பிளாட்பாரத்தில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தோம். அவர் சம்பந்தி மனுஷாளை வரவேற்கப் போய்விட்டார். மாப்பிள்ளை அபயத்துக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்தார். அவள் வாயில் அதக்கிக்கொண்டு, மாப்பிள்ளை இவர்தான் என்று தெரியாமல், "நீங்களும் எங்களோட கல்யாணத்துக்கு வரேளா?" என்று அவரையே கேட்டாள். பாவம், அவர் அந்தண்டை போய்விட்டார். நான் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு போலீஸ்காரன். எட்டிக் கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். அது இங்கிலீஷ்காரன் எல்லை மாமி. அந்த இடம் வரைக்கும் சட்டம் உண்டு. அதற்கப்புறம் கிடையாது. இந்தப் பெண்ணுக்குப் பத்து வயசு, கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பானோ என்னவோ.

ஆனால் அவன் இடுப்பில் தடி தொங்கியது. அதே மாதிரித் தடிதான் அவர் தோளில் விழுந்தது. அதைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்து, "என்னம்மா, என்ன வேணும்?" என்றான். நல்ல குரலாகத்தான் கேட்டான். எனக்கு வாய் திறந்துவிட்டது. "தண்ணிப் பானை எங்கே இருக்கு?" என்று கேட்டேன். அவன் கையைக் காட்டினான். எனக்குத் தாகமே இல்லை. ஆனாலும் போய்க் குடித்தேன். கேட்டுவிட்டோமே என்று குடித்தேன்.

அப்புறம் வண்டி இந்த எல்லைக்குள் வந்ததும் எங்காத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பாடா, இனிமே அவன் அதிகாரம் செல்லாது" என்றார். இங்கே ஸ்டேஷனில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரன் நின்றான். அபயம் கேட்டாள், "அப்பா, இங்கேயும் வெள்ளைக்காரன்தானே ராஜா? இவனை நாம கேக்கச் சொன்னோமா?" என்று. "இவன் வேற. இவன் நம்மாத்து விஷயத்திலே தலையிட மாட்டான்" என்றார். அவள் யோசித்தாள். அப்புறம் தொப்பி அழகாக இருக்கிறது என்றாள்.

முறத்தை ஒரு தட்டுத் தட்டுங்கோ. தவிடு அந்தண்டை போகட்டும்.

இன்று காலையில் சங்கல்பத்துக்கு முன்னால் அனுக்ஞை வாங்கினார்கள், கேட்டேளோ? நான் இதுவரை எத்தனையோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், கவனித்ததே இல்லை. இந்தக் காரியத்தைச் செய்யட்டுமா என்று சபையை விழுந்து கும்பிட்டு அனுமதி கேட்பது. சபை சரி என்று சொன்னால்தான் மேலே ஆகும். ஊரில் என்றால் சபை என்பது உறவுக்காரர்கள். இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? சாஸ்திரிகள் தெருவிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். தட்சணைக்கு வந்தவர்கள். ஒருத்தர் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருத்தர் பக்கத்துச் சத்திரத்தில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று அவசரப்படுத்தினார். அவர்கள் காலில் எங்காத்துக்காரர் விழுந்தார். அந்தக் கையை ஊன்ற முடியாமல் ஒருக்களித்து விழுந்தார். என் பெண் பேரைக்கூட அறியாத மனுஷாள், அவர்களிடம் அனுமதி கேட்டார். அவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது பாருங்கோ, மேளம் மாறிவிட்டது. மாப்பிள்ளை குடையும் செருப்புமாக, எனக்குக் கல்யாணம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று கிளம்புகிறார். இவர் பின்னாலே போய், போகாதீர்கள், என் பெண்ணைக் கொடுக்கிறேன், சம்மதியுங்கள் என்று தேங்காயைக் கொடுத்துக் கேட்பார். மாப்பிள்ளையைச் சம்மதிக்க வைக்க ஒரு சடங்கே இருக்கிறது. யாரோ ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அனந்து பாவம் நிஜமாகவே போய்விட்டால் தேவலை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் சும்மா சொல்கிறேன். எனக்குத் தர்க்கம் எல்லாம் வராது.

ஆனால் மாமி, நான் உள்ளே வந்ததற்குக் காரணம் இதெல்லாம் இல்லை.

கல்யாணம் ஆனாலும் பெரியவளாகிறவரை என் பெண் என்னிடம்தானே இருப்பாள்? ஊர் வழக்கம் அதுதானே? அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ரயிலில் ஏறினேன். மூணு வருஷமோ நாலு வருஷமோ, அதற்குள் என்னென்னவோ மாறலாம், சுயராஜ்யமே வந்துவிடலாம். இன்று விடிந்ததும் கோலத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றார். "அபயத்தோட துணிமணியைத் தனி மூட்டையாக் கட்டிடு யோகா. சாயங்கால வண்டிக்கே அவா கூட்டிண்டு போறா" என்றார்.

ஹரிஹரனுக்குப் பெண்டாட்டி இல்லை, தவறிப் போய்விட்டாள். அவர் அம்மா படுத்த படுக்கை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் அடுத்த மாசம் மறியலுக்குப் போகிறார்கள், எப்படியும் ஜெயில்தான். கிழவிக்கு ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆத்தில் பெண் வேண்டும். இதையும் ஜெயிலிலேயே பேசி முடித்துவிட்டாராம். என்னிடம் சொன்னால் ரயிலேற மாட்டேன் என்று சொல்லவில்லையாம். "அவாளும் தேசத்துக்காகத்தானே போறா. நாம இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்றார். மாவுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்கு மட்டும் கஷ்டம் இல்லையா?

பத்து வயசு மாமி. கஞ்சி வடிக்கத் தெரியாது. பானையை இறக்கினால் காலில் கொட்டிக்கொள்வாள். இன்னும் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். மேடையில் அத்தனை பேச்சுப் பேசுகிறவள், கொல்லைப்புறம் தனியாகப் போகப் பயப்படுவாள்.

அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் அழுவாள், மணையில் உட்கார மாட்டாள், நாலு பேர் முன்னால் மானம் போகும். குழந்தைக்கு என்ன தெரியும்? அவளுக்கு எது நல்லது என்று பெரியவர்கள் நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும். நான் துணியைக் கட்டுகிறபோது, "எதுக்கும்மா என் பாவாடையெல்லாம் தனியாக் கட்டறே?" என்று கேட்டாள். தோய்க்கிறதுக்கு என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டாள். என் வார்த்தை என்றால் நம்புவாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துக் குத்தாலத்தில் கூட்டம். அதற்குப் புதுசாக ஒரு பேச்சு பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். இப்போதுகூட ஒன்பது கஜக் கதர்ப் புடவையைச் சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கூறைநாடு, உலகத்துக்கே கூறைப்புடவை அங்கிருந்துதான் போகிறது. இவர் மில் நூல் வேண்டாம், கைராட்டை நூல்தான் என்று தனியாக நெய்யச் சொன்னார். நான் நூற்ற நூலும் அதில் இருக்கிறது. எதற்கு என்று தெரியாமலே நூற்றேன். கனம் தாங்காமல், "அம்மா, குத்தறது, எப்போ அவுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மாமி, ஒன்று கேட்கட்டுமா? சிரிக்கப்படாது.

கன்னிகாதானத்தில் தாரை வார்க்கிறார்களே, அதில் தண்ணீர் விடுகிறவள் பெண்ணோட அம்மாதானே? அப்பா கையைப் பிடித்துக் கொடுப்பார், அம்மா சொம்பிலிருந்து தண்ணீரை விடுவாள், அப்போதுதான் கொடுத்ததாக ஆகும். அப்படித்தானே? நான் விடாவிட்டால்? சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டால்? இத்தனை கல்யாணம் இந்தச் சத்திரத்தில் பார்த்திருக்கிறீர்கள், யாராவது ஒருத்தி விடாமல் நின்றிருக்கிறாளா?

இல்லையா? ஒருத்திகூடவா?

சும்மாத்தான் கேட்டேன். நான் என்ன செய்துவிடப் போகிறேன். அடுப்பில் பால் பொங்கினால்கூட அவரைக் கேட்டுத்தான் இறக்குவேன் என்று என் ஓர்ப்படி கேலி பண்ணுவாள். அவர் முகத்தைப் பார்த்தால் என் கை தானாகச் சாய்ந்துவிடும். தெரியும். ஆனால் இந்த அரிசியைப் பொறுக்கும்போது ஒன்று தோன்றியது. அத்தனை பேச்சுக்கும் நான் அவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன் இல்லையா? தட்டின இடத்திலெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் அவருக்கு ஒரு இடத்தில் தட்டிப் போயிருக்கிறது, மறந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். நான் எடுத்துக் கொடுத்தால் ஞாபகம் வந்துவிடும். நல்ல மனுஷர் மாமி, ஞாபகம் வந்தால் நிறுத்திவிடுவார். பலமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மேளச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி...

"யோகாம்பா! எங்கேடி போயிட்டே? மாப்பிள்ளை காசிக்குப் போயிட்டு வந்தாச்சு, ஊஞ்சலுக்கு நாழியாச்சு! அட்சதை எங்கே? சொம்பு எங்கே?"

வந்துட்டேன் மன்னி, இதோ! பொறுக்கியாச்சு, ஒரு நொய் கிடையாது. மாமி, அந்த மஞ்சளை இதில் போடுங்கோ, ஒரு சொட்டு நெய். போறும். குட்டியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கோ, மெதுவாக, கழுத்தைப் பார்த்து. முழித்தால் தட்டிக்கொடுங்கோ. சொம்பைக் கையில் வாங்கினதும் முதலில் அவர் முகத்தைப் பார்க்காமல் அபயம் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் மேடையில் கேட்பாளே, அதே மாதிரி பலமாக நான், சம்மதமா என்று...